மாஸ்டரை மாற்றுவதா, வேண்டாமா? சேலத்து ஸ்கேட்டிங் மாணவி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண்ணுக்கு வயது 16, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஏழு வயதில் நாலு சக்கர ஸ்கேட்ஸை மாட்டியதிலிருந்து ஒரே மாஸ்டரிடம்தான் பழகுகிறாள். பிரிவு ஆர்ட்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங். பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் தாவல், சுழற்சி, இசை எல்லாம் இதிலும் உண்டு, தளம் மட்டும் வேறு. மாநில அளவில் தொடர்ந்து பதக்கம் வாங்கியவள், தமிழ்நாட்டு அணியில் தேசியப் போட்டிக்கும் போய் வந்தவள். சென்ற மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்தாள். மூன்றாவது இடத்துக்கும் அவளுக்கும் இடையே ஒரு புள்ளிகூட முழுதாக இல்லை. முதலில் வந்தவள் இவளைவிட இரண்டு வயது சின்னவள். அதே மாஸ்டரிடம், அதே தளத்தில், பக்கத்திலேயே பழகுகிறவள்.

முடிவு வந்த வாரமே வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. சென்னையில் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார், அவரிடம் விட்டால் பெண் எங்கேயோ போய்விடுவாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "மாஸ்டர மாத்தறதா வேண்டாமான்னு ராத்திரி தூக்கமே இல்லீங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படியே செஞ்சிடறேன்" என்று அப்பா என்னிடம் வந்து நின்றார்.

நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஸ்கேட்டிங் என் துறை இல்லை, தடகளம்தான். ஆனால் பயிற்சியாளர் மாறும் விஷயம் எல்லா விளையாட்டிலும் ஒரே மாதிரிதான் வருகிறது: தோல்வி, கோபம், யாரோ சொன்ன பெயர், ஒரே வாரத்தில் முடிவு. அப்படி ஒரு வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னேன். யார் நல்ல பயிற்சியாளர் என்ற இடத்தில் ஆரம்பித்தால் இந்தப் பேச்சு தீராது. இந்தப் பெண்ணுக்கு அடுத்து நடக்க வேண்டிய வேலை என்ன, அதை இப்போதைய மாஸ்டரால் செய்ய முடியுமா, அவர் செய்வாரா என்றுதான் பார்க்க வேண்டும். இதுதான் என் கட்சி. குடும்பமும் மாஸ்டரும் சம்மதித்ததால் பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

மெத்வதேவாவின் 1.31 புள்ளி

இதே கேள்வியை உலகமே பார்க்க, மதிப்பெண் தாளோடு சந்தித்த ஒருவர் இருக்கிறார். ரஷ்ய ஃபிகர் ஸ்கேட்டர் எவ்கேனியா மெத்வதேவா, 1999-இல் மாஸ்கோவில் பிறந்தவர். 2016-இல் பாஸ்டனிலும் 2017-இல் ஹெல்சிங்கியிலும் உலக சாம்பியன். சிறு வயதிலிருந்தே அவருடைய பயிற்சியாளர் எட்டேரி டுட்பெரிட்சே. 2017 கடைசியில் வலது பாதத்தின் எலும்பில் விரிசல் கண்டது. பருவத்தின் தொடர் போட்டிகளில் முன்னே வந்தவர்களுக்காக டிசம்பரில் ஜப்பானின் நாகோயாவில் நடந்த கிராண்ட் பிரி இறுதிப் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. அதை ஜெயித்தவர் 15 வயது அலினா சாகித்தோவா. அவரும் அதே தளம், அதே பயிற்சியாளர். அடுத்த மாதம் மாஸ்கோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியிலும் சாகித்தோவா முதலிடம், மெத்வதேவா இரண்டாமிடம்.

2018 பிப்ரவரி, பியோங்சாங் ஒலிம்பிக். முதலில் ஆடும் சிறிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் மெத்வதேவா 81.61 எடுத்து உலக சாதனை படைத்தார். கொஞ்ச நேரத்தில் சாகித்தோவா 82.92 எடுத்து அதை முறியடித்தார். அடுத்து வரும் நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு பேருக்கும் 156.65, புள்ளிகூடப் பிசகாமல். மொத்தம் 239.57-க்கு எதிராக 238.26. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது 1.31.

அந்த வித்தியாசத்தில் போட்டி விதிமுறைக்கும் பங்கு உண்டு. அப்போது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் செய்யும் ஒவ்வொரு தாவலின் அடிப்படை மதிப்புக்கும் 10 சதவீதம் கூடுதல் கிடைத்தது. ஃப்ரீ ஸ்கேட்டில் சாகித்தோவா தன் தாவல் எல்லாவற்றையும் இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைத்து ஆடினார். விதிக்குள் நின்று செய்ததுதான், தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 18 வயதுப் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். கால் எலும்பு விரிசலோடு தான் வெளியே உட்கார்ந்திருந்த மாதங்களில், தன்னை வளர்த்தவரே இன்னொருத்தியைத் தனக்கு மேலே ஏற்றிவிட்டார். சாகித்தோவாவை இன்னும் ஒரு வருடம் ஜூனியர் பிரிவிலேயே வைத்திருக்கக் கூடாதா என்று ஒலிம்பிக் முடிந்ததும் மெத்வதேவா தன்னிடம் கேட்டதாக டுட்பெரிட்சே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தக் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள என்னால் முடியவில்லை. நம்பிக்கை உடைந்துவிட்டது என்பதை அந்த வயதில் வேறு எப்படிச் சொல்வது?

மே மாதம் மெத்வதேவா பிரிந்தார். கனடாவுக்குப் போய் டொராண்டோவில் பிரையன் ஆர்சரிடம் சேர்ந்தார். 2010 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கிம் யூனா, 2014, 2018 இரண்டிலும் தங்கம் வாங்கிய ஹன்யு யுசுரு, உலக சாம்பியன் ஹவியர் ஃபெர்னாண்டஸ் எல்லோரும் அவரிடம் பழகியவர்கள். பெயரைப் பார்த்தால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அடுத்து நடந்ததைத்தான் சேலத்து அப்பாவுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அந்த வருடம் கனடா போட்டியில் மூன்றாமிடம், பிரான்சில் நான்காமிடம், கிராண்ட் பிரி இறுதிக்குத் தகுதி இல்லை. டிசம்பரில் ரஷ்யத் தேசியப் போட்டியில் ஏழாமிடம். இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவருக்கு, சொந்த நாட்டில், ஏழாமிடம். அப்பா படித்துவிட்டு, "அப்போ மாறினது தப்புங்களா?" என்றார்.

தப்பு என்று சொல்ல இந்தத் தாள் போதாது. ஏனென்றால் அந்த ஒரே வருடத்தில் மாறியது பயிற்சியாளர் மட்டும் இல்லை. நாடு மாறியது, மொழி மாறியது. தாவலும் சுழற்சியும் எவ்வளவு நன்றாக வந்தன என்று நடுவர்கள் போடும் தர மதிப்பெண்ணின் அளவு கூட்டல் கழித்தல் 3 என்பதிலிருந்து 5 ஆனது. இரண்டாம் பாதிக் கூடுதல் சில தாவல்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. காயம் பட்ட கால் அதே கால். உடம்பும் பதின்பருவத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மெல்லிய உடம்பில் காற்றில் மூன்று சுற்று சுற்றிப் பழகியவருக்கு உயரமும் இடுப்பும் எடையும் மாறினால் பழைய நேரக்கணக்கு பொருந்தாது, தாவலைத் திரும்பப் பழக வேண்டும். சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் 2022-இல் சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து 17-க்குப் படிப்படியாக உயர்த்த முடிவு செய்ததற்குப் பின்னாலும் இந்த உடம்புப் பிரச்சினை இருக்கிறது. இத்தனையும் ஒன்றாக வந்தபோது ஏழாமிடத்தை ஆர்சரின் கணக்கில் எழுதுவது நியாயம் ஆகாது.

தாளில் அடுத்த வரியும் இருந்தது. 2019 மார்ச், சைதாமா உலகப் போட்டி: மெத்வதேவா 223.80 புள்ளிகளோடு வெண்கலம். தேசியத்தில் ஏழாவதாக வந்தவர் மூன்றே மாதத்தில் உலகில் மூன்றாவது. அந்த வெண்கலத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஒரு பருவம் முழுக்க விழுந்து எழுந்து, எல்லோரும் கைவிட்ட நிலையில் வாங்கியது அது. 2020 செப்டம்பரில் அவர் டுட்பெரிட்சேயிடமே திரும்பினார் என்பதும் உண்மை. முதுகுக் காயத்தால் பிறகு போட்டிக்கு வரவே இல்லை. ஆகவே மாற்றம் வென்றது என்றோ தோற்றது என்றோ ஒரு வரியில் எழுத முடியாது. பயிற்சியாளரை மாற்றுகிறவர் ஒரு முழுப் பருவத்தை விலையாகக் கொடுக்கத் தயாராக வேண்டும், அது மட்டும் நிச்சயம்.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிஷெல் குவான் 2001 அக்டோபரில், ஒலிம்பிக்குக்கு நாலு மாதம் முன்பு, நீண்டகாலப் பயிற்சியாளர் ஃபிராங்க் கேரலைப் பிரிந்தார். சால்ட் லேக் சிட்டியில் ஷார்ட் புரோகிராமில் முதலில் நின்றவர் கடைசியில் வெண்கலம் பெற்றார். பிரிவுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ரஷ்யாவின் அலெக்சாண்ட்ரா ட்ருசோவா 2020-இல் டுட்பெரிட்சேயை விட்டு முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன் பிளூஷென்கோவிடம் போய், மறு வருடமே திரும்பி, 2022 பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கினார். ஜப்பானின் உனோ ஷோமா சிறு வயதிலிருந்து பழகிய இடத்தை 2019-இல் விட்டு, அடுத்தவர் யார் என்று முடிவாகாமலே பருவத்தைத் தொடங்கினார். அந்த நவம்பரில் பிரான்சில் பல முறை விழுந்து, மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் இருக்கையில் பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாமல் தனியாக அழுதார். எட்டாமிடம். பிறகு சுவிட்சர்லாந்துப் பயிற்சியாளர் ஸ்டெஃபான் லாம்பியேலிடம் சேர்ந்து 2022, 2023 இரண்டிலும் உலக சாம்பியன். எனக்கு மிகவும் பிடித்தது கிம் யூனாவின் வழி. 2010-இல் ஆர்சரோடு தங்கம், அதே ஆகஸ்டில் கசப்போடு பிரிவு. பின்னாளில் தன் சின்ன வயதுப் பயிற்சியாளர்களிடமே திரும்பிப் போய் 2013 உலகப் பட்டத்தை எடுத்தார். முதல் மாஸ்டரின் கதவை ஏன் சாத்திவிட்டுப் போகக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

தளத்தில் பார்த்தது

இனி நம்ம பெண். சிமெண்ட் தளம் சூடேறும் முன்பே, காலை ஐந்தரைக்குப் பயிற்சி தொடங்கிவிடும். போய் உட்கார்ந்து பார்த்தேன். சுழற்சியும் கால்வேலையும் அழகு. ஒன்பது வருட உழைப்பு தெரிகிறது, அதை மாஸ்டர்தான் கொடுத்திருக்கிறார். இடறுவது ஒரே ஒரு தாவலில்: லட்ஸ்.

லட்ஸில் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இடது காலின் வெளிப்பக்க விளிம்பில் சாய்ந்து வர வேண்டும். வலது காலின் டோ ஸ்டாப்பரை, அதாவது ஸ்கேட்டின் முனையில் இருக்கும் தடுப்புக் கட்டையை, ஊன்றி எழும்பி, வந்த வளைவுக்கு எதிர்த் திசையில் உடம்பைச் சுற்ற வேண்டும். இந்த எதிர்த் திசைதான் அதன் கஷ்டம், மதிப்பும் அதற்குத்தான். எழும்புவதற்குச் சற்று முன்பு கால் உள்பக்கம் சாய்ந்துவிட்டால் அது லட்ஸாக இருக்காது, ஃபிளிப் என்ற வேறு தாவலின் சாயல் வந்துவிடும், நடுவர்கள் குறைப்பார்கள். பனியில் கத்தி போட்ட கோடு காட்டிக்கொடுத்துவிடும். சிமெண்டில் கோடு விழாது. அதனால் பின்னால் நின்று போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். இடது கால் சரியாக வெளியே சாய்ந்து வருகிறது. கை பின்னால் போகிறது. ஸ்டாப்பர் தரையைத் தொடுவதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இருக்கும்போது நாலு சக்கரமும் சமமாக அமர்ந்து, அப்படியே உள்ளே கவிழ்கிறது. திரும்பத் திரும்ப எடுத்தும் அதேதான். மெத்வதேவாவின் லட்ஸிலும் விளிம்புக் குறை பற்றி விவரம் தெரிந்தவர்கள் பேசியதுண்டு, உலக அளவிலேயே இது பழகிப்போன குறை. சின்ன வயதில் உடம்பு லேசாக இருந்தபோது தப்பித்தது, இப்போது புள்ளியில் தெரிகிறது.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "பத்தவெச்சதே தப்புங்க சார். இத மேல பாலிஷ் போட்டு ஒண்ணும் ஆகாது, பிரிச்சுத்தான் செய்யணும்" என்றார். வெள்ளியைப் பத்தவைத்து ஒட்டும் பட்டறைக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

மாஸ்டரிடமும் காட்டினேன். மறைக்கவில்லை. "தெரியும் சார். இப்பக் கை வெச்சா ஒரு வருஷம் லட்ஸே இருக்காது. மெடல் இல்லாம வந்தா அப்பாவே என்ன நம்ப மாட்டார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஊர்ப் பயிற்சியாளரின் பிழைப்பு பதக்கத்தில் இருக்கிறது. பதக்கம் இல்லாத ஒரு வருடத்தைத் தாங்கும் பொறுமையைப் பெற்றோர் அவருக்கு என்றைக்கும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் இந்தத் தாவல் பன்னிரண்டு வயதிலேயே சரியாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதுவரை யாரும் பெண்ணைக் கேட்கவில்லை. கேட்டேன். லட்ஸைப் பற்றியோ நான்காமிடத்தைப் பற்றியோ அவள் சொல்லவில்லை. "மாஸ்டர் இப்பல்லாம் என்னத் திட்டறதே இல்லீங்க சார்" என்றாள். மறுநாள் கவனித்துப் பார்த்தேன். டிசம்பர் தேசியப் போட்டிக்குப் போகும் சின்னவளைத்தான் மாஸ்டரின் கண் தொடர்ந்தது. பெரியவள் விழுந்தால் "சரி, திருப்பி செய்" என்பதோடு முடிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, ஒரு மனிதருக்கு இருப்பது இரண்டு கண். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது எப்படி வலித்திருக்கும்! மாற்றம் தேவை என்று எனக்கு உறுதியானது இந்த இடத்தில்தான். செய்ய வேண்டிய வேலை மாஸ்டருக்குத் தெரிகிறது, ஆனால் அதைச் செய்யும் நிலையில் அவர் இல்லை, அவள் பக்கம் கவனமும் இல்லை.

சென்னையும் பெங்களூரும்

முதலில் சென்னை. அப்பாவும் மகளும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் போய் வந்தார்கள். அந்தப் பயிற்சியாளர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஆறு மாதத்தில் மாநிலத் தங்கம் என்று உறுதி சொன்னாராம். லட்ஸைப் பற்றிக் கேட்டதற்கு, அதை விட்டுவிட்டு வேறு தாவல் போட்டுக்கொள்ளலாம் என்றாராம். அப்பாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் வேண்டாம் என்றேன். தாவலைத் திரும்பக் கட்ட ஒரு பருவம் ஆகும் என்று மாஸ்டரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆறு மாதம் என்கிறவர் வேலையைச் செய்யப் போவதில்லை, மூடி மறைக்கப் போகிறார்.

பெங்களூரில் இன்னொருவர் இருந்தார். அவருக்கு அந்த ஸ்லோ மோஷன் படத்தை அனுப்பினோம். நேரில் வரச் சொன்னார், பார்த்தார், எட்டு மாதத்துக்குப் போட்டி ஆட்டத்தில் லட்ஸே வைக்கக் கூடாது, ஒற்றைச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். பதக்கம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர், வார இறுதியில் போய் வரலாம்.

இதற்கு அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அப்பா பயந்தார். அடுத்த வருடம் ப்ளஸ் டூ, அந்த நேரத்தில் ஊர் ஊராகப் போவதா என்று அவர் எதிர்த்தது உண்மைதான். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டவரும் அவர்தான். "ப்ளஸ் டூ வருஷத்துல எப்படியும் போட்டி கொறச்சலாத்தானே போவா? அப்ப அந்த வருஷத்தயே சரி பண்ற வருஷமா வெச்சிக்கலாமே" என்றார். நாங்கள் யாரும் யோசிக்காத கோணம். ஒரு பருவத்தை விலையாகக் கொடுக்க வேண்டும் என்றால், எப்படியும் பாதி போய்விடும் பருவத்தையே கொடுக்கலாம். டிசம்பர் வரை எதுவும் மாற்ற வேண்டாம், ஜனவரியில் தொடங்கலாம் என்று முடிவானது.

மாஸ்டரிடம் சொல்லும் வேலையைத்தான் எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். சொல்லாமல் நின்றுவிட்டு, போட்டியில் வேறு ஆளோடு போய் நிற்பது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது, எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. அப்பாவும் மகளும் நேரில் போனார்கள், நானும் கூட இருந்தேன். பெரியவடகம்பட்டி மாரியப்பனின் பேச்சு அங்கே வந்தது. நம் சேலம் மாவட்டத்துப் பையன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கண்டெடுத்தார், பெங்களூரில் சத்யநாராயணா பயிற்சி கொடுத்தார், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். முதல் ஆசிரியரின் பெயர் இல்லாமல் அந்தக் கதையை யாராவது சொல்கிறார்களா? மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேற எடத்துல ஜெயிச்சாலும் எனக்குச் சந்தோஷந்தான். சொல்லாம போயிருந்தாத்தான் தாங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

ஏற்பாடு இப்படி: தாவல் விஷயத்தில் பெங்களூர் சொல்வதுதான் முடிவு, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிக் குழப்பக் கூடாது. வார நாட்களில் சுழற்சி, கால்வேலை, உடற்பயிற்சி எல்லாம் பழைய தளத்தில் மாஸ்டரிடமே. சங்கப் பதிவு சேலத்தின் பேரிலேயே தொடரும்.

ஜனவரியில் தொடங்கியது. ஏப்ரல் வரைக்குமான நிலவரம்: ஒற்றைச் சுற்று லட்ஸ் இப்போது வெளி விளிம்பிலேயே எழும்புகிறது, பத்தில் ஏழெட்டு முறை. இரட்டைச் சுற்றைத் தொடவில்லை. நடுவில் ஒரு சின்னப் போட்டியில் லட்ஸ் இல்லாமல் ஆடிப் பின்னால் வந்தாள். அப்பா அன்றிரவு போன் செய்து, "சார், இது எதிர்பார்த்ததுதானுங்களே?" என்று கேட்டார். எதிர்பார்த்ததுதான். பதக்கத்தை வைத்து இந்த வருடத்தை அளக்க மாட்டோம், காலின் விளிம்பை வைத்து அளப்போம் என்று பேசியிருக்கிறோம். அக்டோபரில் மறுபடி அதே இடத்தில் நின்று, அதே போனில் படம் எடுத்து ஒப்பிடுவோம்.

மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று, பெங்களூர்க்காரர் தன்னோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று. இதுவரை போனில் மட்டும் பேசியிருக்கிறார்கள். மே விடுமுறையில் அவரைச் சேலத்துக்கு அழைத்து வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். தேதி இன்னும் குறிக்கவில்லை, குறிக்கும் வரை நானும் விடுவதாக இல்லை.